ஏழு மணி நேரக் கடற்கரை

கரீபியன் பக்கம் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு தீவு என்பது முழுசாக ஒரு நாள்கூட இல்லை. காலை எட்டு மணி வாக்கில் கப்பல் துறைமுகத்தில் வந்து நிற்கும். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். இறங்கும் வரிசை, ஏறும் வரிசை, போகவர டாக்ஸி எல்லாவற்றையும் கழித்தால் கையில் மிஞ்சுவது ஆறு, ஏழு மணி நேரம். அதற்குள் ஒரு நாட்டைப் பார்த்துவிட முடியாது. ஒரு கடற்கரையைப் பார்க்கலாம்.

அதற்கு பார்படோஸ் நல்ல இடம். மொத்தத் தீவே 430 சதுர கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட நம் சென்னை மாநகராட்சி அளவு. ஆனால் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தொடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தீவை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. 2024 ஜூன் 29 ராத்திரி, தமிழ்நாடே தூங்காமல் டி.வி. முன் உட்கார்ந்திருந்ததே, அந்த டி20 உலகக்கோப்பை இறுதிப் போட்டி நடந்தது இங்கேதான். தென்னாப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வென்றதும், ரோஹித் சர்மா பிட்ச்சிலிருந்து துளி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாரே, அந்த கென்சிங்டன் ஓவல் மைதானம் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரம். கப்பலை விட்டு இறங்கும் இந்தியக் குடும்பங்களில் அப்பாவும் பையனும் மைதானத்தின் பக்கமும், அம்மாவும் பெண்ணும் கடல் பக்கமும் இழுப்பது இப்போது வாடிக்கை. ஒருவேளை, அப்பா மட்டும்தான் மைதானத்தின் பக்கமோ என்னவோ.

கடல் பக்கம் போவோம். துறைமுகத்திலிருந்து டாக்ஸியில் பத்து நிமிடத்தில் கார்லைல் விரிகுடா. பிறை மாதிரி வளைந்த கரை, வெள்ளை மணல், அடிமணல் தெரிகிற தண்ணீர். மெரினாவின் அலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் நம்பிக்கையே வராது. இது கடலா, குளமா?

காரணம் எளிது. இந்தப் பகுதியில் ஆண்டு முழுக்கக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. தீவின் கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கிறது. அங்கே பத்ஷீபா என்ற ஊரில் அலை பாறையில் மோதித் தெறிக்கும். அலைச்சறுக்கு வீரர்களுக்கு அது சொர்க்கம், குளிக்க நினைப்பவர்களுக்கு ஆபத்து. மேற்குக் கரையோ கரீபியன் கடலின் பக்கம், தீவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. சில கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு குணம் கொண்ட இரண்டு கடல். அமைதியாக இருக்கிறதே என்று மேற்கிலும் அலட்சியம் கூடாது. உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியாகப் பார்த்து இறங்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது.

இனி பணம், நேரம் பற்றி. கப்பலிலேயே விற்கும் கரைச் சுற்றுலாவை வாங்குவதா, தானாகவே போவதா என்று பலரும் குழம்புவார்கள். கப்பல் மூலம் போனால் விலை அதிகம். ஆனால் போன பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். இல்லையென்றால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தானாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கடைசி நிமிடத்தில் துறைமுக மேடையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களை மேல்தளத்திலிருந்து கைதட்டி வேடிக்கை பார்ப்பது இந்தக் கப்பல்களில் ஒரு பொழுதுபோக்கு. அப்படி ஓடுகிறவராக யாரும் இருக்க விரும்ப மாட்டார்கள். கிழக்குக் கரை, குகை என்று தூரமாகப் போனால் கப்பல் சுற்றுலாவே நிம்மதி. பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் கார்லைலுக்கு அந்தக் கூடுதல் காசு வீண்.

செல்போனை நம்பி நேரம் பார்ப்பதுதான் பலரை மாட்டிவிடுகிறது. போன், தீவின் டவரைப் பிடித்துத் தீவின் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பலோ சில சமயம் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஓடும். ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்தால் கதை முடிந்தது. இறங்கும் இடத்தில் எழுதி வைத்திருக்கும் நேரத்தைப் பார்த்து, பழைய கைக்கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொள்வது தாத்தா காலத்து யோசனைதான். ஆனால் வேலை செய்யும்.

இங்கே டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்கும்போது இன்னொரு கேள்வியும் முக்கியம்: எந்த டாலர்? பார்படோஸுக்குச் சொந்த டாலர் உண்டு. 1975 முதல் இரண்டு பார்படோஸ் டாலர், ஒரு அமெரிக்க டாலர் என்றே நிலையாக இருக்கிறது. "இருபது" என்று சொன்னதும் அமெரிக்க நோட்டை நீட்டுகிறவர், உள்ளூர் விலையைப் போல் இரண்டு மடங்கு கொடுத்திருக்கக் கூடும். ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. கேட்காதது நம் பிழை.

இன்னொன்று. பையனின் பெட்டியில் ராணுவச் சீருடை மாதிரி பச்சைத் திட்டு போட்ட டிராயரோ தொப்பியோ இருந்தால் அதைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். பார்படோஸில் பொதுமக்கள் அந்தத் துணியை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை.

மணலில் கால் வைத்ததும் நாற்காலி, குடைக்காரர்கள் வருவார்கள். வேண்டுமென்றால் வாடகைக்கு எடுக்கலாம், வேண்டாமென்றால் துண்டை விரித்து உட்காரலாம். யாரும் எழுப்ப முடியாது. டிக்கெட் இல்லை, வாசல் இல்லை, கையில் கட்டும் பட்டை இல்லை. பார்படோஸில் கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து. எவ்வளவு பெரிய ஹோட்டலின் முன்னால் இருந்தாலும் அந்த மணல் ஹோட்டலுடையது அல்ல.

இதைச் சாதாரணமாகக் கடந்துபோகிறவர்கள் ஜமைக்காவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அதே கரீபியன், அதே ஆங்கிலேய ஆட்சி. ஆனால் 1956-ல் அங்கே வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரையோரத்தை அரசுடைமையாக்கி உரிமம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. கடலில் இறங்கிக் குளிக்கிற பொதுவான உரிமையை அது மக்களுக்குத் தரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குளித்த கரைக்குப் போகும் வழி அடைபட்டு, உள்ளூர் மக்கள் நீதிமன்றத்தின் படியேறியிருக்கிறார்கள்.

பார்படோஸிலும் அந்தப் பயம் வராமல் இல்லை. ஹோட்டல்களுக்குக் கடற்கரை மீது உரிமை கிடைக்கலாம் என்ற பேச்சு சுற்றுலாத் துறையின் மேல்மட்டத்திலிருந்தே கிளம்பியது. 1982-ல் மைட்டி கேபி என்ற கலிப்சோ பாடகர் 'ஜாக்' என்று ஒரு பாட்டுப் போட்டார். கடற்கரை எங்களுடையது, ஹோட்டலுக்காக எங்களை விரட்ட முடியாது என்பதுதான் சாரம். கலிப்சோ என்பது நம் ஊரில் தெருக்கூத்துக் கட்டியங்காரன் அதிகாரியைக் கிண்டலடிப்பது மாதிரி. சிரிக்கச் சிரிக்கப் பாடுவார்கள், குத்த வேண்டிய இடத்தில் குத்தும். அந்தப் பாட்டு தீவு முழுக்கப் பரவியது. கடற்கரை இன்றைக்கும் பொதுவில்தான் இருக்கிறது.

இருந்தாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. மணல் பொது, சரி. மணலுக்குப் போகிற வழி? மேற்குக் கரை நெடுகப் பங்களாவும் ஹோட்டலும் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. ரோட்டில் போகிறவருக்கு மதில்தான் தெரியும், கடல் தெரியாது. அதனால்தான் கட்டடங்களுக்கு நடுவே ரோட்டிலிருந்து கடல் தெரிகிற திறந்த இடங்களை அங்கே 'கடலுக்கு ஜன்னல்' என்று சொல்லிப் பாதுகாக்கப் பார்க்கிறார்கள். நாலா பக்கமும் கடல் இருக்கிற தீவில் கடலைப் பார்க்க ஜன்னல் தேவைப்படுகிறது. ஈ.சி.ஆரில் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கப்பல் நிறுவனங்களும் சும்மா இல்லை. 1977 முதலே பஹாமாஸில் ஒரு குட்டித் தீவைத் தன் பயணிகளுக்கென்றே ஒரு நிறுவனம் நடத்திவருகிறது. 1996-ல் இன்னொரு நிறுவனம் லிட்டில் சான் சால்வடோர் என்ற தீவையே விலைக்கு வாங்கியது. இன்றைக்குப் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றுக்கும் இப்படிச் சொந்தக் கரை உண்டு. அங்கே நாற்காலி வரிசையாக இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், சாப்பாடு கப்பல் சாப்பாடு, காசு கொடுப்பது கப்பல் அட்டையில். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகிறவர்களுக்கு அது சௌகரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் கரையில் செலவழிக்கிற காசும் பெரும்பாலும் கப்பலுக்கே திரும்பிப் போகிறது. கார்லைலில் குடை வாடகைக்கு விடுகிறவரும், இளநீர் வெட்டுகிறவரும், மீன் பொரிக்கிற அக்காவும் அந்த ஊர்க்காரர்கள். அன்றைக்கு எத்தனை கப்பல் வருகிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் வீட்டுச் சமையலே. குளிர்காலத்தில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கூட வரும். மழைக்காலத்தில் துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும்.

இளநீரில் வழுக்கையாக இருக்கிற தேங்காயை அங்கே 'ஜெல்லி' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கப்பல் கூட்டம் பார்க்காத ஒரு கடற்கரையும் அங்கே உண்டு. பேஜன்கள் (பார்படோஸ்காரர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்) விடிகாலையில் கடல் குளியலுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். நீச்சல் அடிப்பதைவிட, கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று ஊர்க்கதை பேசுவதுதான் அதிகம். மூட்டுவலிக்கு நல்லது என்பார்கள். ஓய்வூதியம், பேரன் படிப்பு, நேற்றைய கிரிக்கெட், தேர்தல் எல்லாம் உப்புத் தண்ணீரில் அலசப்படும். மெரினாவின் காலை நடைக் கூட்டத்தைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் எப்படியோ, அப்படி. விரிகுடாவின் தென்கோடியில், பக்கத்துக் குதிரைப் பந்தய மைதானத்துக் குதிரைகளையும் கடலில் குளிப்பாட்ட ஓட்டி வருவார்கள். கப்பல் பயணிகள் காலைச் சிற்றுண்டி முடித்து, வரிசையில் நின்று, டாக்ஸி பிடித்து வரும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். தாத்தா பாட்டிகளும் குதிரைகளும் வீடு திரும்பியிருப்பார்கள். கடற்கரை பொது என்ற சட்டம் யாருக்காக என்று கேட்டால், முதலில் இந்த விடிகாலைக் கூட்டத்துக்காக.

தண்ணீருக்குள் ஆமைகள் இருக்கின்றன. பச்சை ஆமை, அழுங்காமை இரண்டும் இந்த விரிகுடாவுக்கு வருகின்றன. அடியில் பழைய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. 1919-ல் மூழ்கிய பெர்வின் அவற்றில் ஒன்று. ஆழம் குறைவு என்பதால் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடியே அதன் உடலைப் பார்க்கலாம். பவளம் படிந்து மீன்களின் குடியிருப்பாகிவிட்டது. நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டையோடு படகுக்காரரின் கைப்பிடியில் இறங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆமையைத் தொடக் கூடாது. சில படகுகள் மீன் துண்டு போட்டு ஆமைகளை வரவழைக்கின்றன. பச்சை ஆமை வளர்ந்த பிறகு கடற்புல் மேய்கிற பிராணி. நமக்கு நல்ல போட்டோ கிடைப்பதற்காக அதன் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. மீன் போடாத படகாகக் கேட்டு ஏறலாம்.

பார்படோஸே பவளப் பாறை மேல் நிற்கிற தீவு. அந்த வெள்ளை மணலில் பெரும்பகுதி பவளமும் சிப்பியும் பொடியானது. பவளத்தைக் கடித்து அதன் மேலிருக்கும் பாசியைத் தின்று, மிச்சத்தை மணலாகக் கழிக்கிற கிளிமீனுக்கும் அதில் பங்கு உண்டு. வெயில் கிரீமில் இருக்கும் சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது என்று பக்கத்து அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 முதல் தடையே போட்டிருக்கிறார்கள். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டால் கிரீம் பாதி மிச்சம். இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் சல்வாரோடு கடலில் இறங்குவதைக் கிண்டல் செய்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிழலுக்கு மரத்தடி தேடும்போது ஒரு எச்சரிக்கை. மேற்குக் கரையில் மஞ்சினீல் என்று ஒரு மரம் இருக்கிறது. பார்க்கச் சாதாரண மரம், கீழே குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்கள் விழுந்து கிடக்கும். பெயரே ஸ்பானிஷில் 'குட்டி ஆப்பிள்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து வடியும் தண்ணீரே போதும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசி வைத்திருப்பார்கள். சிவப்பைப் பார்த்தால் தள்ளி உட்கார வேண்டும். மண்ணில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருந்தால் இன்னும் தள்ளி.

இந்த விரிகுடாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களில் பெரிய பெயர் ஒன்று உண்டு. 1751-ல் பத்தொன்பது வயதுப் பையனாக ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே வந்தார். காசநோயால் அவதிப்பட்ட அண்ணனுக்குக் கடற்காற்று நல்லது என்று கூட வந்தவர். வந்த இடத்தில் அவருக்கே அம்மை போட்டுவிட்டது. பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போர்க்களத்தில் அவருடைய வீரர்கள் அம்மையில் கொத்துக்கொத்தாக விழுந்தபோது தளபதியை நோய் அண்டவில்லை, 1777-ல் படைக்கே அம்மை குத்த உத்தரவும் போட்டார். வாழ்நாளில் அவர் போன ஒரே வெளிநாட்டுப் பயணம் இதுதான். அவர் தங்கிய வீடு விரிகுடாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பசித்தால் கரையோரக் கடைகளில் மீன் வடை கிடைக்கும். உப்பு ரொட்டிக்குள் இரண்டு மீன் வடையை வைத்துத் தருவதற்கு 'பிரெட் அண்ட் டூ' என்று பெயர். மீன் சாப்பிடாதவர்கள் மக்கரோனி பை கேட்கலாம், அல்லது உருளைக்கிழங்கு மசாலா வைத்து மடித்த ரொட்டி. அந்த ரொட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. 1845-ல் தொடங்கி ட்ரினிடாடுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் கைப்பக்குவம் அது. அங்கிருந்து தீவு தீவாகப் பரவிவிட்டது. கப்பல் பயணத்தில் எட்டாவது நாளாகப் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அதைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அந்த மீன் வடையும் இப்போது முன்பு மாதிரி எளிதாக வருவதில்லை. உலகக்கோப்பை முடிந்த இரண்டாவது நாள், 2024 ஜூலை 1-ஆம் தேதி, பெரில் புயல் தீவின் தெற்கே கடந்து போனது. இந்திய அணி ஹோட்டலிலேயே மாட்டிக்கொண்டு தனி விமானத்தில் திரும்பியது நமக்கு நினைவிருக்கிறது. அதே நாளில் பிரிட்ஜ்டவுன் மீன்பிடித் துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின, ஏராளமான மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். அந்தச் செய்தி கோப்பைப் படங்களுக்குக் கீழே எங்கோ போய்விட்டது.

மூன்று மணிக்குமேல் கப்பல் கூட்டம் துண்டை உதறிக் கிளம்ப ஆரம்பிக்கும். டாக்ஸிக்குப் பதில் பஸ்ஸையும் யோசிக்கலாம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் கட்டணம் ஒன்றுதான், மூன்றரை பார்படோஸ் டாலர். நீல பஸ் அரசாங்கத்துடையது, மஞ்சள் பஸ் தனியார். வெள்ளை வேனில் ஏறினால் பாட்டுச் சத்தத்துக்கும் வேகத்துக்கும் மதுரை மினி பஸ் நினைவு வரும். ஆனால் நேரத்துக்குக் கப்பல் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு மணி நேரமாவது கையிருப்பு வைத்துக்கொண்டு ஏற வேண்டும்.

ஐந்து மணிக்குக் கப்பல் ஊதிக்கொண்டு நகரும்போது மேல்தளத்தில் நின்று பார்த்தால் கார்லைல் வளைவு தெரியும். குடைகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து வருகிற உள்ளூர்க் குடும்பங்கள் அந்த நேரத்தில்தான் மணலில் இறங்கும்.